பவர் டேபிள் கணக்கும் பையனின் கேமும் ஒரே கம்ப்யூட்டரில்

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்கள் அவிநாசி பக்கம். வீட்டுக்காரர் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்) போட்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். பில், சம்பளம், டேலி கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்தான் பார்க்கிறேன். 2016-ல் வாங்கியது, ஐ3, விண்டோஸ் 10. காலேஜ் போகும் மகனும் அதில்தான் கேம் விளையாடுவான். போன வாரம் ஸ்கிரீன் முழுக்க நீலமாகி, சைரன் சத்தத்தோடு "வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஏதோ ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள். மவுஸ் தானாக நகர்ந்தது. சந்தேகம் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டோம். பணம் எதுவும் போகவில்லை. கடைக்காரர் "விண்டோஸ் 10 முடிஞ்சுதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். பல்லடத்தில் என் பெரியப்பா மகன் கம்பெனியில் டேலி டேட்டா மொத்தமும் லாக் ஆகி, திறக்கப் பணம் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: ஆன்டிவைரஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் சகோதரி. மவுஸ் தானாக நகர்ந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அவசரமான விஷயம் அதுதான்.

முதலில் அந்த நீல ஸ்கிரீன். அது வைரஸ் இல்லை, வெறும் ஒரு வெப்சைட் பக்கம். ஏதோ விளம்பரத்தைத் தொட்டோ, முகவரியில் ஓர் எழுத்து மாற்றி அடித்தோ அங்கே போயிருப்பீர்கள். பிரவுசரை முழுத்திரைக்கு விரித்து, மூடுகிற பட்டனை மறைத்து, சைரனையும் போட்டு மிரட்டுவதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. இனிமேல் வந்தால் எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜருக்குள் போய் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் போடுவதில்லை. ஸ்கிரீனில் நம்பர் இருந்தாலே அது மோசடி என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

அவர்கள் இறக்கச் சொன்ன ஆப், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற ஆப். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற நல்ல ஆப்தான். எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்கள் தினமும் பயன்படுத்துவது. ஆனால் அந்த ஆப் காட்டுகிற இணைப்பு நம்பரை வாங்கியவர் உங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரிதான். வழக்கமாக அவர்கள் ஈவென்ட் வியூவர் என்ற இடத்தைத் திறந்து, அங்கே சிவப்பில் இருக்கிற பிழைக் குறிப்புகளைக் காட்டி "பாருங்கள், எத்தனை வைரஸ்" என்பார்கள். அந்தச் சிவப்புக் குறிகள் நேற்று வாங்கிய கம்ப்யூட்டரிலும் இருக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டே பின்னால் வேறு வேலை நடக்கும். நீங்கள் இல்லாத நேரத்திலும் உள்ளே வர ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டாவதாக இன்னொரு ஆப்பைச் சத்தமில்லாமல் போட்டுவிடுவார்கள். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் விண்டோஸுக்கு பாஸ்வேர்டே இல்லை என்றால் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பணம் போகவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சில பேர் பாஸ்வேர்டை எடுத்து வைத்துக்கொண்டு, சம்பளத்துக்குக் கணக்கில் பணம் ஏறுகிற நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பாஸ்வேர்டு மாற்றுகிற வேலையை அதில் செய்யாதீர்கள்; உங்கள் செல்போனில் செய்யுங்கள். முதலில் ஜிமெயில். மற்ற எல்லாவற்றுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கேட்டால் லிங்க் வந்து விழுகிற இடம் அதுதான், அதனால் அதற்குத்தான் முதலிடம். ஜிமெயில் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் காட்டும், தெரியாததை வெளியேற்றுங்கள். செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து, உங்களுக்கு வருகிற மெயிலை வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இதைப் பலரும் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் நெட்பேங்கிங், அதற்கப்புறம் ஜிஎஸ்டி, இ-வே பில். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பேங்க் கிளைக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லி வையுங்கள்.

என்றைக்காவது பணமே போய்விட்டால் 1930. அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று நிமிடக் கணக்கில் தாவும். வழியில் எங்காவது நிறுத்த முடியுமென்றால் அது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். யாரிடம் சொல்வது, வெளியே தெரிந்தால் கேவலமாயிற்றே என்று மறுநாள் வரை யோசிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

அடுத்தது, அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஸ்கேன் செய்து சுத்தம் பண்ணினால் போதாதா என்று கேட்பீர்கள். ஆள் உள்ளே வந்து என்னென்ன மாற்றினார் என்பது யாருக்கும் தெரியாது; தெரியாததை இல்லை என்று ஸ்கேன் சொன்னால் நான் நம்பமாட்டேன். டேலி டேட்டா, எக்செல், போட்டோ மட்டும் காப்பி எடுங்கள். செட்டப் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள். விண்டோஸை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே பென்டிரைவில் இறக்கிப் போடச் சொல்லுங்கள். கடைகளில் 'எல்லாம் இதுலயே இருக்குதுங்க' என்று ஒரு பென்டிரைவ் சுற்றிக்கொண்டிருக்கும். அது வேண்டாம்.

விண்டோஸ் 10 விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும்; செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் ஆகும்படி விட்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு வரும். அதில் சேர்ந்துகொண்டால் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும்.

ஆனால் அது அவகாசம் மட்டும்தான். 2016-ல் வாங்கிய ஐ3-ல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஒத்துக்கொள்ளும். 'பைபாஸ் பண்ணிப் போட்டுத் தரேனுங்க' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. சம்பளக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், 2017-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிற வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தன. நம் மாநிலத்திலேயே சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம், அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்து அவசரமாக ரிட்டர்ன் போடுகிற நேரத்தில் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று வந்தால் எரிச்சல் வரும், எனக்கும் வரும். ராத்திரி நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம், அடியோடு நிறுத்தி வைக்கக் கூடாது.

இனி உங்கள் மகன் விஷயம். கேம் விளையாடுவதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கிருந்து இறக்கினான் என்பதுதான் கேள்வி. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமோ, வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோ 'கிராக்' என்ற பெயரில் இலவசமாகக் கிடைத்தால், அதை இறக்குகிற பக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கும்: "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்." அதற்கு அவர்கள் சொல்கிற காரணம், கிராக்கை எல்லா ஆன்டிவைரஸும் தப்பாக வைரஸ் என்று காட்டும் என்பது. பையன்களும் நம்பி அணைத்துவிடுவார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பான். நீங்கள் எந்த ஆன்டிவைரஸ் வாங்கி வைத்தாலும் வீட்டு ஆளே அணைத்துவிட்டு வேலை பார்த்தால் அது என்ன செய்யும்?

கிராக்கோடு வருகிறவை இப்போது பெரும்பாலும் சத்தம் போடாதவை. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்பட்ட ஒரு ரேன்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இந்த கிராக் வழியாகத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. அது பரவாயில்லை, வந்தது உடனே தெரிந்துவிடும். ரெட்லைன் மாதிரியான தகவல் திருடிகள் அப்படி இல்லை. உள்ளே வரும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும், சில சமயம் தன்னையே அழித்துக்கொண்டும் போய்விடும். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். அதைவிட மோசம், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கும் கணக்குகளின் 'குக்கி'யையும் எடுத்துப் போகும். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. நீங்கள் உள்ளே இருக்கிற மாதிரியே அவரும் உள்ளே இருப்பார். பேங்க் தளம் சில நிமிடங்களில் தானாக வெளியேற்றிவிடும், மெயிலும் முகநூலும் அப்படிச் செய்வதில்லை. வேலை முடிந்ததும் லாக்-அவுட் கொடுத்து வெளியே வரச் சொல்வது இதற்காகத்தான்.

இதே வகைத் திருட்டுக்கு 2024 முதல் இன்னொரு வழி பரவியிருக்கிறது. 'நான் ரோபோ இல்லை' என்று டிக் அடிக்கச் சொல்கிற பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஒரு போலிப் பெட்டி வரும். டிக் அடித்ததும், சரிபார்ப்பதற்கு விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று சொல்லும். டிக் அடித்தபோதே ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கும். நீங்களே உங்கள் கையால் அதை ஓடவிடுகிறீர்கள். நல்ல வெப்சைட் எதுவும் விண்டோஸ் கீயை அழுத்தச் சொல்லாது. வீட்டுக்காரர், மகன் இருவருக்கும் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

என் யோசனை, கணக்கையும் கேமையும் பிரித்துவிடுங்கள். புதிய கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் லேப்டாப்கள் கோவையிலும் ஈரோட்டிலும் கிடைக்கின்றன. டேலிக்கு அது தாராளம். வாங்கும்போது பிராசஸர் நம்பரைப் பாருங்கள். ஐ5 என்று போட்டு ஒரு கோடு இருக்கும், அதற்கு அடுத்த எண் 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. ஏழு என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதும் அதையும் ஒரு தடவை சுத்தமாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். அதில் டேலி, ஜிஎஸ்டி, பேங்க் மட்டும். பழையது மகனுக்கு. அதில் உங்கள் மெயிலோ பேங்கோ ஒரு நாளும் திறக்கக் கூடாது, அவசரம் என்றாலும்.

இரண்டாவது கம்ப்யூட்டருக்கு இப்போது வழியில்லை என்றால், ஒன்றிலேயே பிரிக்கலாம். விண்டோஸில் மூன்று பயனர் கணக்குகள் உருவாக்குங்கள். ஒன்று நிர்வாகி, அதன் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும். இரண்டாவது நீங்கள் கணக்குப் பார்க்க, சாதாரணக் கணக்கு. மூன்றாவது மகனுக்கு, அதுவும் சாதாரணக் கணக்கு. ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும், அவன் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். நாலு நாள் முனகுவான். இது முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அவன் பக்கம் வருகிற பெரும்பாலான சனியன்கள் உங்கள் பக்கம் வராமல் நின்றுவிடும்.

சரி, பேக்கப். பல்லடத்தில் நடந்ததைப் பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள். பேக்கப் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். சனிக்கிழமை சம்பளக் கணக்கு முடிந்ததும் டேலிப்ரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி, பேக்கப் கொடுத்து, ஒரு டிஸ்க்கில் எடுங்கள். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை மற்ற டிஸ்க். 'எப்பவும் சொருகியே வச்சிருக்கேன், தானா பேக்கப் ஆயிடும்' என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேன்சம்வேர் வந்தால் சொருகியிருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூட்டும். ஒரு டிஸ்க்கை அம்மா வீட்டிலோ வேறு எங்கோ வைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி மாதத்து இடிக்கும் அது பதில் சொல்லும்.

கூகுள் டிரைவில் தானாகப் போகிறதே என்பீர்கள். இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் பூட்டப்பட்டதாகவே போய் உட்காரும். பழைய பதிப்பை 30 நாள் வரை அது வைத்திருக்கும், அதைக்கொண்டு மீட்கலாம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஃபைல்களை அப்படித் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள், அப்போது புரியும். டிரைவ் கூடவே இருக்கட்டும், டிஸ்க்குக்குப் பதிலாக வேண்டாம். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பேக்கப்பை வேறு இடத்தில் திறந்து, போன வாரத்து பில் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்றும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்கு வருகிறவர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக் படங்கள். பிஎஃப், இஎஸ்ஐ போட வாங்கியிருப்பீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுடையதும் இருக்கும். பெரும்பாலான யூனிட்களில் இவை டெஸ்க்டாப்பிலோ, வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கிய டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ அப்படியே கிடக்கின்றன. வேலையை விட்டுப் போய் வருடங்களானவர்களுடையதும் சேர்த்து. திருடனுக்கு உங்கள் டேலியைவிட இவை உபயோகமானவை, அடுத்தவர் பெயரில் கணக்குத் திறக்க, சிம் வாங்க. மாட்டிக்கொள்வது பாவம் அந்தப் பிள்ளைகள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை ஒரு ஜிப் ஃபைலாக்கி பாஸ்வேர்டு போட்டு வையுங்கள், மற்றதை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஜிஎஸ்டிக்குப் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்பது) கட்டாயம் போடுங்கள். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் அது கட்டாயமாகவே ஆகிவிட்டது, அதனால் உங்களுக்குப் பழக்கம்தான். ஜிமெயிலுக்கும் அப்படியே. பேங்க் முகவரிக்கு வந்தால், ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி பேங்குகளின் தளங்கள் 2025 அக்டோபர் இறுதிக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். கூகுளில் தேடி முதலில் வருகிறதைத் தொடாதீர்கள், அது விளம்பரமாக இருக்கலாம். புக்மார்க் போட்டு வைத்து அதிலிருந்தே போங்கள்.

திருப்பூர் வட்டாரத்தில் வைரஸே இல்லாமல் நடக்கிற ஒரு திருட்டு உண்டு. ஏற்றுமதிக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. யாரோ ஒருவருடைய மெயிலுக்குள் ஒருவன் புகுந்து மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். பெரிய பில் வருகிற நேரம் பார்த்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று அதே நடையில் ஒரு மெயில் வரும். நூல் கடைக்கோ துணிக்கோ நீங்கள் பணம் போடுகிறவர்களாக இருந்தால் இது உங்களுக்கும் வரும். கணக்கு மாறியது என்று மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், உங்களிடம் முன்பே இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேட்ட பிறகே போடுங்கள். அந்த மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்லை. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் போடும்போது பெறுபவரின் பெயரைக் காட்டுகிற வசதியை 2025 ஏப்ரல் முதல் பேங்குகள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கிறது. பெயர் ஒத்துவருகிறதா என்று ஒரு நொடி பாருங்கள்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு 'அட்மின், அட்மின்' என்றே பாஸ்வேர்டு இருந்தால் மாற்றுங்கள். யூனிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நெட் கொடுக்கிறீர்கள் என்றால் கெஸ்ட் வைஃபையில் கொடுங்கள். மகனின் பழைய கம்ப்யூட்டரும் அதிலேயே இருக்கட்டும். கேமரா மாட்டியவர் வைத்துவிட்டுப் போன டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் பெரிய பெரிய தளங்களை முடக்கியது.

இப்போது நீங்கள் கேட்ட ஆன்டிவைரஸ். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே உங்கள் வீட்டுக்குப் போதும். காசு செலவழிக்க வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் சென்னைக்காரர்களின் கே7, புனேக்காரர்களின் குவிக் ஹீல் போன்றவை இருக்கின்றன, வாங்கினால் தப்பில்லை. ஆனால் இரண்டை ஒரே சமயத்தில் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதி கம்ப்யூட்டர் ஊர்ந்துபோகும். லேப்டாப்போடு வருகிற சில மாத இலவச ஆன்டிவைரஸ் காலாவதியானால் உடனே நீக்கிவிடுங்கள். டிஃபெண்டரில் 'ரேன்சம்வேர் பாதுகாப்பு' என்ற பகுதிக்குள் ஃபோல்டர்களைக் காக்கிற ஒரு வசதி இருக்கிறது, வழக்கமாக அணைந்தே இருக்கும். அதைப் போட்டு, டேலி டேட்டா இருக்கிற ஃபோல்டரைச் சேருங்கள். போட்டதும் டேலியையே தடுக்கக்கூடும். அனுமதிப் பட்டியலில் டேலியைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கை வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் பெரியப்பா மகன். வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப் போட்டு, ரவுட்டரில் அதற்கு நேரடியாக வழி திறந்து வைத்திருந்தாரா என்று கேளுங்கள். சின்னக் கம்பெனிகளில் ரேன்சம்வேர் நுழைகிற வழக்கமான வாசல் அது. எங்கோ உட்கார்ந்து ஒரு புரோகிராம் அப்படித் திறந்திருப்பவற்றைத் தேடி, ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கம்பெனி பெயரோடு 123 சேர்த்தது எல்லாம் நிற்காது. அந்த வழியை முதலில் மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதிதாகப் போடுகிற கம்ப்யூட்டரும் அதே கதிதான்.

பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கட்டியும் சாவி வராதவர்கள் உண்டு, வந்த சாவி பாதி ஃபைலைத்தான் திறந்தது என்பவர்களும் உண்டு. கம்பெனி என்பதால் மத்திய அரசின் சிஇஆர்டி-இன் என்ற சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள். நேரம் தாண்டியிருந்தாலும் தெரிவித்துவிடட்டும், சைபர் கிரைம் போலீஸிலும் புகார் கொடுக்கட்டும். அப்புறம் நோ மோர் ரேன்சம் என்ற தளம். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது, இலவசம். பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றையும் பணம் கேட்டு வந்த குறிப்பையும் கொடுத்தால் அது எந்த வகை, திறக்கிற கருவி இருக்கிறதா என்று சொல்லும். இன்று இல்லை என்று வந்தால், அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, எதுவும் எழுதாமல் ஃபார்மேட்டும் செய்யாமல், பணம் கேட்ட குறிப்போடு பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கும்பல் போலீஸில் மாட்டி, வருடம் கழித்து சாவிகள் வெளியே வந்த சம்பவங்கள் இருக்கின்றன. வேலைக்கு வேறு டிஸ்க் போட்டு, ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிற போன ரிட்டர்ன் நகல்களையும் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிற பில் விவரங்களையும் வைத்து இந்த வருடக் கணக்கை மறுபடி ஏற்ற ஆரம்பிக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் அந்த ஆப்பில் ஓடிபி ஏதாவது காட்டினாரா, பேங்க் பக்கத்தைத் திறந்தாரா என்று கோபப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் பேங்க் கிளைக்குப் போனில் சொல்வதோடு விடாமல் நேரிலேயே போய், கடிதமாக எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள்.